படகின் உச்சியில் நிற்கும் கம்பி

ஜாசின் மாவட்டத்தின் உட்பகுதியில், அசாஹானைச் சூழ்ந்த தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, கிழக்கே வானத்தை மறித்து நிற்கும் லேடாங் மலையும், மேகம் விலகிய காலை வேளைகளில் அதன் முடியருகே மெல்லிய கோடுகளாகத் தென்படும் ஒலிபரப்புக் கோபுரங்களும் புதிய காட்சிகள் அல்ல. 1,276 மீட்டர் உயர்ந்த அம்மலையின்மீது அத்தனை சிரமப்பட்டு இரும்பையும் இயந்திரத்தையும் ஏற்றி நிறுத்தியதற்குக் காரணம் யாது என்று கேட்டால், உயரத்தில் வைத்தால் தூரம் போகும் என்று பால்மரம் வெட்டும் எந்தத் தொழிலாளியும் விடை சொல்லிவிடுவார். அந்த விடை சரியானதே. ஆயினும் அது ஏன் சரியாகிறது, எந்த அளவுக்குச் சரியாகிறது, அதே நியதி உம்பாய்க் கரையிலிருந்து புறப்படும் ஒரு சிறு படகின் கூரைமீது எவ்வாறு ஆட்சி செலுத்துகிறது என்பவற்றை ஆராயப் புகுந்தோமானால், படகுக்கு ஓர் ஆண்டெனா வாங்குவது என்னும் எளிய காரியத்துக்குள் பௌதிக சாஸ்திரத்தின் ஒரு பெரும்பகுதி அடங்கியிருப்பது புலப்படும்.

வானொலி என்றவுடன் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவு வருவது, லயன் வீட்டு முற்றத்தில் இரண்டு மூங்கில்களை நட்டு, அவற்றுக்கிடையே நீளமாகக் கட்டிய செப்புக் கம்பிதான். அந்தக் கம்பியின் வழியாக இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சிற்றலையில் வந்த தமிழ்க் குரல்கள், வங்காள விரிகுடாவைக் கடந்து, ரப்பர்க் காட்டின் நடுவே இருந்த பெட்டிக்குள் வந்து பேசின. பூமியின் வளைவை அவை மீறி வந்தது எப்படியெனில், வானத்தின் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் என்றொரு பிரதேசம் இருக்கிறது. சிற்றலைகள் அதில் பட்டு வளைந்து மீண்டும் தரைக்குத் திரும்புகின்றன. படகுகளில் உபயோகமாகும் வி.எச்.எஃப். அலைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவை அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குச் சென்றுவிடுகின்றன. ஆகவே நேர்கோட்டில், ஏறத்தாழக் கண்ணுக்கு எட்டும் தொடுவானம் வரையில்தான் அவற்றை நம்பலாம். லேடாங் மலையிலிருந்து வரும் பண்பலை ஒலிபரப்பும் இதே வி.எச்.எஃப். குடும்பத்தைச் சேர்ந்ததே என்பதால்தான் கோபுரம் மலையைத் தேடிச் சென்றது. காற்றின் வெப்ப அடுக்குகள் முறைமாறி அமையும் சில நாட்களில் நெடுந்தூரத்துப் படகுகளின் பேச்சு வியக்கத்தக்க தெளிவுடன் காதில் விழுவதும் உண்டு. ஆனால் அதை நம்பிக் கடலில் இறங்குதல் தகாது.

தொடுவானத்தோடு முடிந்துபோகும் இந்த அலையைக் கடலோடிகளுக்கென்று ஏன் ஒதுக்கினார்கள் என்று ஐயுறுவோர் மலாக்கா நீரிணையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டொன்றுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் செல்லும் இந்த ஒடுங்கிய நீர்வழியில், ஒவ்வொரு மாலுமியின் குரலும் ஆயிரம் கிலோமீட்டர் பரவுமாயின், எவர் பேச்சும் எவருக்கும் புரியாத பேரிரைச்சலே மிஞ்சும். அருகில் இருப்பவருக்கு மட்டும் கேட்பது இங்கே குறையன்று. அதுவே அதன் குணம். 1998 டிசம்பர் 1 முதல் இந்நீரிணையில் நடைமுறையில் உள்ள ஸ்டிரெயிட்ரெப் என்னும் கட்டாய அறிக்கை முறைப்படி, 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் தம் வரவைக் கரைநிலையங்களுக்குத் தெரிவிப்பதும் வி.எச்.எஃப். வழியாகவே. உலகெங்கும் ஆபத்தழைப்புக்குரிய 16-ஆம் சேனலின் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ். கைத்தொலைபேசியில் உதவி கேட்பவர் தாம் எண்ணை அறிந்த ஒருவரிடம் மட்டுமே கேட்கிறார். 16-ஆம் சேனலில் கேட்பவரோ, கூப்பிடு தூரத்தில் இருக்கும் அத்தனை படகுகளிடமும் கப்பல்களிடமும் ஏககாலத்தில் கேட்கிறார். அஞ்சோங் பத்து ஜெட்டியிலிருந்து, தமிழ் முஸ்லிம்கள் உட்படப் பலரையும் ஸியாரத்துக்காகப் புலாவ் பெசாருக்கு ஏற்றிச் செல்லும் படகுக்கும், விடுமுறை நாளில் தூண்டிலோடு கடலுக்குப் போகும் தோட்டத்து இளைஞர்களின் படகுக்கும் இந்த வேற்றுமை உயிரோடு சம்பந்தப்பட்டதாகும்.

இனித் தொடுவானத்தின் கணக்கைப் பார்ப்போம். மலாக்கா மாநிலத்துக்கு உரியதாயினும் நெகிரி செம்பிலான் நிலத்தால் சூழப்பட்டுத் தனித்து நிற்கும் தஞ்சோங் துவான் முனையில், போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கேற்றியதாகச் சொல்வார்கள். இன்று அங்கே காணும் கலங்கரை விளக்கம் 1863-இல் எழுந்தது. கடலோரத்துப் பாறையில் விளக்கை வைத்திருந்தால் எண்ணெய் சுமப்பதும் பழுது பார்ப்பதும் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். அவ்வாறிருந்தும் குன்றின் உச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏனெனில் விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும், பூமியின் வளைவு மறைத்த பிறகு அதன் ஒளி கப்பலின் தளத்தை அடையாது. வி.எச்.எஃப். அலைக்கும் இதுவே விதி. காற்றுமண்டலம் அலையைச் சிறிது கீழ்நோக்கி வளைப்பதால் மட்டும், கண்ணின் எல்லையைக் காட்டிலும் சற்று அப்பால் அது செல்கிறது. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அந்த ஆண்டெனாவின் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். பேசுபவருடைய தொடுவானத்தையும் கேட்பவருடைய தொடுவானத்தையும் கூட்டினால், இருவரும் பேசிக்கொள்ளக்கூடிய தூரம் தெரியவரும்.

படகில் அமர்ந்தபடி கையில் பிடித்துப் பேசும் கருவியின் ஆண்டெனா நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே இருக்குமாயின் அதன் தொடுவானம் 4.1 கிலோமீட்டர், அத்தகைய இரண்டு படகுகள் 8 கிலோமீட்டருக்கு அப்பால் ஒன்றையொன்று இழந்துவிடும். கூரைமீது கழி நட்டு 4 மீட்டர் உயரத்துக்கு ஆண்டெனாவைக் கொண்டுபோனால் தொடுவானம் 8.2 கிலோமீட்டராகிறது, 30 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா வைத்திருக்கும் கப்பலின் தொடுவானம் 22.6 கிலோமீட்டர் ஆதலால், அந்தப் படகும் கப்பலும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் இடைவெளியிலும் பேசிக்கொள்ள இயலும். மேலும் ஒரு மடங்கு வேண்டுமென்றால் 4 மீட்டர் 16 மீட்டராக வேண்டும். அது சிறு படகுக்கு ஆகாத காரியம். முதல் சில மீட்டர்கள் தரும் நன்மைதான் பெரிது. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மிகுந்த விலை கொடுக்க வேண்டியிருக்கும். படகு சிறிதாக இருக்க இருக்க ஒரு கழியின் பெறுமானம் கூடுகிறது என்பதை நம் கரையோரப் படகுக்காரர்கள் அனைவரும் அறிந்துகொண்டால் எத்தனையோ நன்மை விளையும் என்று நான் மனமார நம்புகிறேன்.

கருவி எத்தனை வாட் என்பதையே முதலில் விசாரிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. படகில் பொருத்தும் கருவிகள் 25 வாட் வரையிலும், கைக்கருவிகள் பெரும்பாலும் 5 அல்லது 6 வாட்டிலும் இயங்குகின்றன. சக்தியை இருமடங்காக்கினாலும் தொடுவானம் ஓர் அங்குலமும் நகராது. அன்றியும், சக்தி பேசுவதற்கு மட்டுமே துணைசெய்கிறது; நல்ல ஆண்டெனாவோ பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒருங்கே துணைசெய்கிறது. கரையிலிருந்து வரும் மறுமொழி காதில் விழாத ஒருவருக்கு, தம் குரல் மட்டும் உரத்து ஒலித்ததால் என்ன பிரயோஜனம்?

ஆண்டெனாவின் நீளம் மனிதன் விருப்பப்படி வைத்ததன்று. 156.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.91 மீட்டர். 1880-களின் பிற்பகுதியில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்து ஆய்வுக்கூடத்தில் மின்காந்த அலைகளை முதன்முதலாகப் பிறப்பித்துக் காட்டியபோது அவர் கையாண்டவையும் சில மீட்டர் நீளமுள்ள அலைகளே. அலையின் பாதி நீளத்துக்குச் சற்றுக் குறைவான கம்பியில் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக இயல்பாகவே ஒத்திசைந்து ஆடுகிறது. ஆதலால் படகின் அரையலை ஆண்டெனா ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ளதாக அமைகிறது. மோட்டார் காரின் கூரையில் அதில் பாதியே, அதாவது கால் அலை நீளமே போதுமானதாக இருப்பதற்குக் காரணம், காரின் இரும்புக் கூரை மற்றப் பாதியின் ஸ்தானத்தை ஏற்றுக்கொள்வதுதான். மரத்தாலும் ஃபைபர்கிளாஸாலும் ஆன படகில் அந்த உலோகத்தளம் கிடையாது. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று காருக்குரிய குட்டைக் கம்பியைப் படகில் பொருத்துவோர் ஆண்டெனாவின் பாதியை மட்டும் வாங்கியவர்கள் ஆகிறார்கள். கடலுக்கென்று செய்யப்படும் அரையலை ஆண்டெனாவின் அடியில், கருவிக்கும் கம்பிக்கும் பொருத்தம் உண்டாக்கும் சிறு சுருள் ஒன்று மறைந்திருக்கிறது. அதன் உதவியால் அது தரைத்தளம் எதையும் எதிர்பாராமல் தானே நின்று வேலை செய்கிறது.

கடையில் அடுத்தபடியாக எதிர்ப்படுவது 3 டெசிபல், 6 டெசிபல், 9 டெசிபல் என்னும் ஆதாயக் கணக்கு. 3 டெசிபல் என்பது இருமடங்கு, 6 நான்கு மடங்கு, 9 எட்டு மடங்கு. அப்படியானால் பெரிய எண்ணே சிறந்தது அல்லவா என்று தோன்றுவது இயல்பு. ஆண்டெனா எந்தச் சக்தியையும் புதிதாகப் படைப்பதில்லை. தன்னிடம் வந்ததை எந்தத் திசையில் செலுத்துவது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. செங்குத்தாக நிற்கும் அரையலைக் கம்பியிலிருந்து கிளம்பும் அலை, உளுந்து வடையின் துளையில் ஒரு குச்சியைச் செருகி நிறுத்தியது போன்ற உருவத்தில் பரவுகிறது: குச்சியின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நேரே ஒன்றுமில்லை, பக்கவாட்டில் நாற்புறமும் நிறைவு. அந்த வடையை மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தினால் அது தட்டையாகி அகலமாகப் பரவும்; மாவு கூடிவிடவில்லை, உயரம்தான் குறைந்தது. மார்க்கோனி நிறுவனத்துப் பொறியாளராகிய சி. எஸ். பிராங்க்ளின் 1920-களில் வகுத்த முறைப்படி, அரையலைக் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றிலும் மின்னோட்டம் ஒரே கதியில் ஆடுமாறு செய்தால் இந்த அழுத்தல் நிகழ்கிறது. அதனால்தான் 6 டெசிபல் ஆண்டெனா ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளமும், 9 டெசிபல் ஆண்டெனா ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும் உடையனவாக இருக்கின்றன.

அசையாத கரைநிலையத்துக்கும், மெதுவாகச் சாயும் பெருங்கப்பலுக்கும் இந்தத் தட்டையான பரவல் மிகவும் உகந்தது. ஆனால் குறுகிய அலைகள் அடுத்தடுத்து வந்து மோதும் நம் நீரிணையில், 6 மீட்டர் நீளமுள்ள படகு இப்புறமும் அப்புறமும் 20 பாகை சாய்வது அபூர்வம் அன்று. ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், சுமத்திராவிலிருந்து கிளம்பி வந்து தாக்கும் அந்தச் சூறைக்காற்றின்போது சாய்வு இன்னும் அதிகமாகும். ஆண்டெனா சாயும்போது அதன் அலைத்தட்டும் கூடவே சாய்கிறது. ஒருபுறம் கடலுக்குள்ளும் மறுபுறம் வானத்துக்குமாக அலை வீணாகிறது. மேலும் கீழுமாக மொத்தம் 80 பாகை அளவுக்கு விரிந்த அரையலை ஆண்டெனாவின் பரவல் இந்தச் சாய்வைப் பொறுத்துக்கொள்ளும். அதில் கால்பங்கு கூட விரியாத 9 டெசிபல் ஆண்டெனா பொறுக்காது. குரல் தெளிவாகக் கேட்டு, மறைந்து, மீண்டும் கேட்டு மறைவதாக மறுமுனையில் இருப்பவர் சொல்வாராயின், பழுது கருவியில் இருப்பதைவிட இந்தச் சாய்வில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மிக அதிகமாகத் துணை தேவைப்படும் காற்றுவேளையில்தான் தட்டையான ஆண்டெனா கைவிடுகிறது என்பதை எண்ணும்போது, சிறு படகுக்கு 9 டெசிபல் ஆண்டெனாவை விற்பதையே ஒரு தவறாக நான் கருதுகிறேன்.

என் தீர்ப்பு இதுதான். புலாவ் பெசாருக்குச் செல்லும் படகுகளைப் போன்ற, கூரையுள்ள சிறு படகுகளுக்கு, ஒரு மீட்டர் நீளமுள்ள 3 டெசிபல் ஆண்டெனாவை 2 மீட்டர்க் கழியின் உச்சியில் நிறுத்துவது நன்று. ஏறத்தாழ அதே உயரத்துக்கு எட்டும் 6 டெசிபல் ஆண்டெனாவை நேரே கூரையில் பொருத்துவது எளிதாகத் தோன்றினாலும், அதன் அலை பிறக்கும் பகுதி மேலிருந்து கீழ்வரை நீண்டு கிடப்பதால், சராசரி உயரத்தில் அது கழியின் உச்சியில் நிற்கும் சிறியதற்குத் தோற்றுப்போகிறது; சாய்வையும் அதிகம் பொறுக்காது. 10 மீட்டருக்கு மேற்பட்ட, அகன்ற அடியுள்ள மீன்பிடிப் படகுகளுக்கு 6 டெசிபல் பொருந்தும். பாய்மரப் படகுக்கோ விவாதத்துக்கே இடமில்லை: பாய்மரத்தின் உச்சியில் இலேசான 3 டெசிபல் கம்பி.

அட்டையில் அச்சிட்டிருக்கும் டெசிபலை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரப்பும் ஒரு கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டுச் சொல்வோரும் உண்டு, அரையலைக் கம்பியோடு ஒப்பிட்டுச் சொல்வோரும் உண்டு, இரண்டுக்கும் 2.15 டெசிபல் வேறுபாடு. அரையலைக் கம்பியே முதல் கணக்கில் 2.15 டெசிபல் ஆகிவிடுவதால், அதைச் சற்று உயர்த்தி 3 என்று எழுதிவிடுவது வியாபார வழக்கமாயிற்று. ஆகவே எண்ணைப் பார்ப்பதைவிட நீளத்தைப் பார்ப்பது மேல். ஒரு மீட்டர்க் கம்பியின்மீது 6 டெசிபல் என்று எழுதியிருந்தால் அதை வைத்துவிட்டு வந்துவிடலாம். இயற்கை அதற்கு அனுமதி தரவில்லை.

ஆண்டெனாவைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தவர்களும் அலட்சியம் செய்யும் பாகம் கேபிள். கருவியிலிருந்து உச்சிக்குச் செல்லும் கோஆக்சியல் கேபிள், தன் வழியே போகும் சக்தியில் ஒரு பகுதியை வெப்பமாக்கி விழுங்கிவிடுகிறது. ஆர்.ஜி.58 என்னும் மெல்லிய கேபிள் இந்த அதிர்வெண்ணில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் இழக்கிறது. 15 மீட்டர் ஓடினால் இழப்பு 3 டெசிபல், அதாவது 25 வாட்டில் பாதி வழியிலேயே மறைந்துபோகிறது. அதே தூரத்துக்கு ஆர்.ஜி.213 என்னும் தடித்த கேபிளை இழுத்தால் 18 வாட்டுக்குக் குறையாமல் உச்சியை அடையும். சிறு படகில் 5 மீட்டருக்குள் முடியும் கேபிள் மெல்லியதாக இருப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. மிச்சமான கேபிளை வெட்டாமல் சுருட்டி வைப்பதுதான் நஷ்டம். கேட்கும்போதும் இதே இழப்பு நேர்வதால், மெல்லிய கேபிள் வாயை மட்டுமன்றிக் காதையும் அடைத்துவிடுகிறது.

கேபிளின் பெரும்பகை தூரம் அன்று, உப்பு. கேபிள் முனையில் பொருத்தும் பி.எல்.259 இணைப்பி நீர்புகாதது அல்ல. அதன் வழியே உள்ளே கசிந்த உப்புநீர், பின்னிய செப்பு உறையின் இழைகளினூடே மெல்ல ஏறி, மீட்டர் கணக்கில் உள்ளே சென்று செம்பைக் கறுக்கச் செய்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கேபிள் புதியதாகவே இருக்கும். ஆதலால் வெள்ளீயம் பூசிய செப்பு இழைகளுள்ள கேபிளையே வாங்க வேண்டும். இணைப்பியைத் திருகிச் செருகுவதோடு நில்லாமல் ஈயப்பற்று வைத்து ஒட்ட வேண்டும். அதன்மேல், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாக, நீர் வழிந்தோடும் வகையில் சுற்ற வேண்டும். படகுப் பட்டறைகளில் இந்த வேலைக்கு அரை மணிகூட ஒதுக்காமல் விடுவதைக் காணும்போது வருத்தமே மேலிடுகிறது. மின்சுற்று அத்தனையிலும் மிக விரைவில் கெடுவது இந்த ஓர் இடந்தான்.

பொருத்தும் இடத்தைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. உலோகக் கம்பங்களிலிருந்தும் பிற ஆண்டெனாக்களிலிருந்தும் ஒரு மீட்டராவது விலகி நிற்க வேண்டும். மலாக்கா ஆற்றின் தாழ்ந்த பாலங்களுக்குக் கீழே போகவேண்டிய படகுக்கு மடக்கிச் சாய்க்கும் அடித்தாங்கி அவசியம். அது நைலானைவிடத் துருப்பிடிக்காத எஃகினால் ஆனதாக இருப்பது நலம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு சமீபத்தில் உள்ள நம் வெயில் ஆண்டெனாவின் ஃபைபர்கிளாஸ் உறையின் மேற்பூச்சைத் தின்று, நார்நாராக உதிரச் செய்கிறது. அந்த நிலையை அடைந்த உறை ஈரத்தை உறிஞ்சும், ஆதலால் மாற்றிவிட வேண்டும். கனமழையைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு மீட்டர் அலைக்கு மழைத்துளி ஒரு பொருட்டன்று. மின்னல் அவ்வாறன்று. திறந்த கடலில் மிக உயர்ந்து நிற்பது ஆண்டெனாவே ஆதலால், இடி நெருங்கும்போது, அழைப்பு எதுவும் அவசியப்படாத நிலையில், கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி விலக்கி வைப்பது தக்கது.

பொருத்தி முடித்தபின் பரீட்சை செய்ய வேண்டும். அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் நிலையலை விகித மீட்டர் ஒன்றைக் கருவிக்கும் கேபிளுக்கும் நடுவே இணைத்துப் பார்த்தால், விகிதம் 1.5 ஆக இருந்தால் 4 சதவீதமே திரும்புகிறது என்றும், 2 ஆனால் 11 சதவீதம், 3 ஆனால் 25 சதவீதம் என்றும் அறியலாம். 2-ஐத் தாண்டினால் முதலில் இணைப்பியைத்தான் சோதிக்க வேண்டும். ஆனால் நன்றாகக் கெட்டுப்போன கேபிள், திரும்பி வரும் சக்தியையும் தானே விழுங்கிவிடுவதால், மீட்டரில் மிக நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றக்கூடும். எனவே மீட்டரோடு நில்லாமல், 16-ஆம் சேனலைத் தொந்தரவு செய்யாது வேறொரு சேனலில், தெரிந்த தூரத்தில் உள்ள நண்பர் படகோடு 1 வாட் சக்தியில் பேசிப் பார்ப்பது நலம். 1 வாட்டில் சில கிலோமீட்டர் தெளிவாகச் சென்றால் ஆண்டெனா, கேபிள், இணைப்பி மூன்றும் நலமாக இருக்கின்றன. இந்தப் பரீட்சையை ஆண்டுக்கொரு முறை, சூறைக்காற்றுக் காலம் தொடங்குமுன் மார்ச்சு மாதத்தில் செய்துகொள்ளலாம். கழி முறிந்து ஆண்டெனா கடலில் விழுந்துவிட்டால் உடனே மாற்றிக்கொள்ள, இணைப்பி பொருத்திய குட்டையான உதிரி ஆண்டெனா ஒன்றை, உயிர்காப்புச் சட்டைகள் வைத்திருக்கும் பெட்டியிலேயே சேர்த்து வைத்திருக்க வேண்டும்.